நன்னடத்தை, 20 மைக்ரோனுக்குக் குறையாமல்

ஒரு ஏழைப் பையன் கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலைக்குப் போவதென்றாலும் இந்த நாட்டில் முதலில் கிராம சேவகர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். வதிவிடமும் நன்னடத்தையும் பற்றிய சான்றிதழ் என்று ஒரு படிவம். எத்தனை வருடமாக இந்தப் பிரிவில் குடியிருக்கிறார், தகப்பன் பெயர் என்ன, நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டாரா, பொதுக் காரியங்களில் ஈடுபாடு உண்டா, நடத்தை எப்படி என்று வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றையும் நிரப்பி, கிராம சேவகர் கையொப்பமிட்டு, பிரதேச செயலாளர் மேலொப்பமும் வைத்தால்தான் பையன் யோக்கியன். அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். ஏழாவது மாதம் அவன் மறுபடியும் சந்தேக நபர்.

பொலித்தீன் ஆலை முதலாளியிடம் இந்தத் தாளை எவரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அவரிடம் கேட்பது சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். ஆலையின் புகைக்கும் கழிவுநீருக்கும் இரைச்சலுக்கும் அதில் அளவு உண்டு. பின்பக்கக் கானில் அழுக்குத் தண்ணீரை விட்டால் குற்றம். முன்பக்கக் கதவால் லொறி லொறியாகப் போகிற சரக்கோ, ஒரு கிலோ கத்தரிக்காய் சந்தையிலிருந்து சமையலறைக்குப் போய்ச் சேர்ந்த கையோடு குப்பையாகிவிடும். இது உரிமம் கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஆனாலும் அதற்குக் கழிவு என்று பெயரில்லை, உற்பத்தி என்று பெயர். விலைச்சிட்டை இருக்கிறதே!

சிப்பந்திப் பையனுக்குக் கிடைக்கிற மரியாதை ஆலை முதலாளிக்குக் கிடைக்காமல் போவது அநியாயம். ஆகவே கிராம சேவகரின் படிவத்தைப் பொதியிடல் உற்பத்தியாளர் பெருந்தகைக்காக நானே நிரப்பத் துணிந்தேன். நிரப்பிய இடம் தம்புள்ளை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியும் திருகோணமலை போகிற ஏ6 வீதியும் சந்திக்கிற ஊர். 1999இல் இங்கே பொருளாதார மத்திய நிலையம் திறந்த நாள் முதல் நுவரெலியாக் கரட்டும் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மாத்தளைப் பக்கத்து மிளகாயும் இங்கேதான் கைமாறுகின்றன. கூடவே பெருந்தகையின் கைவண்ணமும் கைமாறுகிறது. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று அவர் வீட்டு வாசலில் விசாரித்து என்ன பயன்? கடன் சொல்லிவிட்டுப் போன ஊரில் விசாரிக்க வேண்டும்.

தகப்பன் பெயர்: பெற்றோலியம். நிரந்தர முகவரி வெளிநாடு. புதுப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளை இலங்கையில் எவரும் செய்வதில்லை. அரிசிக் குருணை போலக் கப்பலில் வந்து இறங்குகிறது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து ஜூனில் மூழ்கியதே, அதில் ஏறத்தாழ 1,680 தொன் குருணை இருந்தது. நீர்கொழும்புக் கரையில் மணலுக்கு மேல் இன்னொரு மணலாக அது படிந்தது. மீனவர் தொழில் நின்றது. செத்த ஆமைகள் கரையொதுங்கின. வழக்கு நடந்து, 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. நல்ல தீர்ப்பு. எனக்கு இருப்பது ஒரு சின்னச் சந்தேகம்தான். குருணை தவறிக் கடலில் கொட்டினால் 100 கோடி டொலர். அதே குருணையைப் பத்திரமாகத் துறைமுகத்தில் இறக்கி, உருக்கி, ஊதி, தாளாக்கி, பையாக்கி, நாடு முழுக்கக் கானிலும் குளத்திலும் வயலிலும் வேண்டுமென்றே பரப்பினால் அது கைத்தொழில் அபிவிருத்தி. அந்தக் கப்பல் கப்டன் செய்த பிழை, குருணையைச் சில்லறையாக விற்காமல் மொத்தமாகக் கொட்டியது போலிருக்கிறது.

வதிவிடக் காலம்: பெருந்தகை தம்புள்ளையில் வசிப்பதில்லை. பிள்ளைகளைத்தான் இங்கே விட்டிருக்கிறார். அவர்கள் நிலையத்து வேலியிலும் பஸ் தரிப்பிடத்துக் கானிலும் நிரந்தரக் குடிகள், வாக்காளர் இடாப்பில் மட்டும் இல்லை. ஊருக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவையில் 2,000 வருடத்துக்கும் மேற்பட்ட ஈமத் தாழிகளைத் தோண்டியெடுத்தார்கள். அந்தக் காலத்துப் பொதியிடல் மண்பானை. செத்தவனோடு புதைக்கிற அளவுக்கு அதற்கு மதிப்பிருந்தது.

நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டாரா? இந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் 2007 ஜனவரியிலேயே இந்த நாட்டில் தடை. பத்து வருடம் எல்லாரும் அந்தத் தடையை மிகுந்த மரியாதையோடு சோற்றுப் பார்சல் கட்டுகிற லஞ்ச் ஷீட்டில் சுற்றி வைத்திருந்தோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, மீத்தொட்டமுல்லக் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்து 32 பேரைக் கொன்றது. அரசாங்கம் திடுக்கிட்டு விழித்தது. விழித்து என்ன செய்தது? செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்குத் தடை என்று வர்த்தமானி வெளியிட்டது. இருக்கிற தடைக்கே மறுபடியும் பெயர் சூட்டு விழா. நியாயமாகச் சொன்னால், லஞ்ச் ஷீட், றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, சிலி சிலி பை, கூட்டங்களுக்குக் கட்டுகிற பொலித்தீன் தோரணம் என்று சில புதிய பெயர்களும் சேர்ந்தன. உற்பத்தியாளர் தரப்பு தொழிலாளரின் வயிற்றைக் காட்டி அழுதது. கையிருப்பை விற்றுத்தீர்க்க வருடக் கடைசி வரை அவகாசம் கிடைத்தது. நஞ்சு என்று தெரிந்த பிறகும் மிச்சத்தை ஊட்டி முடிக்க அவகாசம் கேட்கிற மனமும் கொடுக்கிற மனமும் எப்படிப்பட்டவை என்று படிவத்தில் எழுத இடமில்லை. 2021 ஆகஸ்டில் லஞ்ச் ஷீட்டுக்கு மறுபடியும் தடை. அதற்கு அப்புறம் நீங்கள் சோற்றுப் பார்சல் வாங்கியிருப்பீர்கள். எதில் சுற்றித் தந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

20 மைக்ரோன் என்றால் என்ன? மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராத இடத்தில் நம் சட்டம் தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் நடுவே வேலி போட்டிருக்கிறது. 19 மைக்ரோன் பாவம், 21 மைக்ரோன் புண்ணியம். பாவத்திலிருந்து புண்ணியத்துக்கு ஏற உற்பத்தியாளர் செய்ய வேண்டிய பிராயச்சித்தம், ஒவ்வொரு பைக்கும் இன்னும் கொஞ்சம் பிளாஸ்டிக் சேர்ப்பது. குடிகாரன் திருந்த வேண்டுமானால் கிளாஸைப் பெரிதாக்கு என்கிற வைத்தியம் இது. இன்னும் பாருங்கள், சட்டத்தில் உற்பத்தித் தடை 'உள்நாட்டுப் பாவனைக்கு' மட்டும்தான். பிற நாட்டு மாடு தின்றால் நமக்கு என்ன? லமினேஷனுக்கும் மருந்து வகைகளுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் எழுத்துமூல அனுமதியோடு விலக்கும் உண்டு. மருந்துக்கு வேண்டியதுதான். லமினேஷன் விலக்கை வாசகர் ஞாபகம் வைத்திருக்கட்டும், பிறகு தேவைப்படும்.

நிலையத்துக்கு அருகே பை விற்கிற கடை ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். பைக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. வேலைக்கு நின்ற பையன் பெருவிரலை எச்சில் தொட்டு, ஒட்டியிருந்த பைகளைப் பணத்தாள் எண்ணுகிற வேகத்தில் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இது எத்தனை மைக்ரோன் முதலாளி?"

"நான் மைக்ரோனைக் கண்ணால கண்டதில்ல தம்பி. கம்பனிக்காரன் கூட எண்டு சொல்றான். ரெய்ட் வந்தா கொறைவு எண்டு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சது விலை மட்டுந்தான்."

அளக்கிற கருவி ஆலையில் இருக்கிறது, அதிகாரியிடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறவனிடம் இருப்பது எச்சில் தொட்ட பெருவிரல். வழக்குப் பதிவதோ அநேகமாக அவன் மேல்தான். 2017இல் தடை வந்தபோது அறிவித்த தண்டனை 10,000 ரூபா தண்டப்பணம், அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தாண்டி விற்றது. அந்தக் கணக்கில் 10,000 ரூபா என்பது ஐந்து கிலோ கரட். பைக்கடை முதலாளிக்கு அது வலிக்கும். ஆலைக்காரருக்கு அது மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சம்பல்.

ஆகவே படிவத்தில் எழுதினேன்: தண்டிக்கப்பட்டவர் என்று அறியக் கிடைக்கவில்லை.

தொழில் என்ற இடத்தில் 'ஏழைகளுக்கு உதவுதல்' என்று எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் சஷே பைக்கு அப்படித்தான் ஜாதகம் கணித்திருக்கிறார்கள். அதில் நம் தமிழுக்கும் பங்குண்டு. கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன், பணக்காரன் அனுபவிப்பதைக் கூலிக்காரனும் அனுபவிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஷாம்புவைச் சின்னப் பையில் அடைத்தார் என்பார்கள். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் அதே வழியில் சிக் ஷாம்புவோடு கிளம்பினார். அந்த மனிதரின் எண்ணத்தை நான் கேலி செய்ய மாட்டேன். போத்தல் வாங்க வக்கில்லாதவளும் தலைக்கு நுரை போட்டுக் குளித்தாள், அது நல்லதுதான். அந்த நல்லெண்ணத்தை வெள்ளைக்கார நிறுவனங்கள் எடுத்து, பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் பிரிக்கவே முடியாதபடி அடுக்கடுக்காக ஒட்டி, ஆசியா முழுக்க விதைத்ததுதான் கதையின் இரண்டாம் பாகம்.

மூன்றாம் பாகம் இலங்கையில் நடந்தது. 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர, 20 மில்லிலீற்றருக்கோ 20 கிராமுக்கோ மேற்படாத சஷேகளுக்கு இங்கே தடை. 2022 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு நீண்ட விசாரணையை வெளியிட்டது. யூனிலீவர் நிறுவனம் உலக மேடைகளில் சஷேயை ஒழிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே, இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இலங்கையிலும் சஷே தடைகளைத் தடுக்கத் திரைமறைவில் வேலை செய்தது என்று அது எழுதியது. இலங்கையில் தடை வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுதியது. தடைக்கு உள்ளான சின்னச் சஷேகளை ஒன்றோடொன்று சரமாக இணைத்து, மொத்த அளவு 20ஐத் தாண்டுகிறது என்று விற்கப் பார்த்தார்களாம். வாங்குகிறவர் ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட சஷே மீள்சுழற்சி செய்ய முடியாத தீமை என்று அதே நிறுவனத்தின் மேல்மட்ட அதிகாரி ஒருவரே முதலீட்டாளர் கூட்டத்தில் சொல்லியிருந்தார் என்பதும் அந்தச் செய்தியில்தான் வந்தது.

தம்புள்ளையில் தராசுப் படியின் அடியில் ஈயத்தைச் சுரண்டுகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் மூட்டை தூக்குகிற நாட்டாமைகளே நாலு அறை கொடுப்பார்கள். அவனுக்குக் கள்ளன் என்று பெயர். இலண்டனில் தலைமையகம் வைத்து, சட்டத்தின் எண்ணுக்குச் சரியாகச் சஷேயைச் சரம் கோப்பவருக்கு நிலைபேண் அபிவிருத்தி என்று ஒரு பிரிவே இருக்கிறது. அந்தப் பிரிவின் வருடாந்த அறிக்கை பளபளவென்று இருக்கும். அதன் அட்டையில் ஒரு குழந்தை சிரிக்கும்.

பொதுக் காரியங்களில் ஈடுபாடு: மிக அதிகம். ஜூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினத்தன்று பொதியிடல்காரர்களைப் பார்க்க வேண்டும். ஒரே நிறத்து ரீ-சேர்ட், கையுறை, பனர். பாடசாலைக்கு மூன்று நிறத்தில் குப்பைத் தொட்டி. தொட்டியும் பிளாஸ்டிக். 'குப்பையைப் பொறுப்போடு போடுவோம்' என்று பிள்ளைகளை உறுதிமொழி எடுக்க வைப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை பொறுப்பேற்றுக்கொள்கிறது. செய்தவர் கைதட்டுகிறார்.

இந்தப் பொறுப்பு மாற்று வித்தை நம் ஊரில் பிறந்ததல்ல. முக்கோண அம்புக் குறி 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் காகித மீள்சுழற்சிக்காக வரைந்தது. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழிற்துறைச் சங்கம் அதே மாதிரி முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போட்டு எல்லாப் பிளாஸ்டிக்கின் அடியிலும் குத்த ஆரம்பித்தது. அந்த எண் சொல்வது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும். பார்க்கிறவருக்கோ அது திரும்பிப் பிறக்கும் என்கிற வாக்குறுதியாகத் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டார்கள். 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மீள்சுழற்சிக்குப் போனது 9 வீதம் என்று 2017இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. தம்புள்ளைக்குச் சைக்கிளில் வருகிற போத்தல்காரருக்கு இந்த ஆய்வு தேவையில்லை. தண்ணீர்ப் போத்தலை எடுப்பார், உடைந்த வாளியை எடுப்பார். சொதி ஒட்டிய லஞ்ச் ஷீட்டை நீட்டிப் பாருங்கள், உங்களை மேலும் கீழும் பார்ப்பார். முக்கோணத்தை நம்பாத ஒரே ஆள் அவர்தான், ஏனென்றால் அவர் அதை வைத்துச் சோறு தின்ன வேண்டும்.

இனி நடத்தை. இங்கே பெருந்தகைக்குச் சார்பாக ஒரு சாட்சியம் உண்டு, அதை மறைத்தால் நானும் அவர் ஜாதிதான். மலையிலிருந்து வருகிற மரக்கறியைப் பாருங்கள். கோவாவையும் போஞ்சியையும் சாக்கு வெடிக்க அடைத்து, வாயைச் சணலால் தைத்து, லொறியில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி, அதன் மேல் இரண்டு பேர் படுத்துத் தூங்கி வருகிறார்கள். இங்கே நாட்டாமை அதை முதுகில் வாங்கித் தொப்பென்று போடுகிறார். அறுவடைக்குப் பின் 30 முதல் 40 வீதம் வீணாகிறது என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்கிற கணக்கு. பல வருடம் கழுவிக் கழுவிப் பாவிக்கக்கூடிய பிளாஸ்டிக் கூடைதான் இதற்கு மருந்து என்று அரசாங்கம் கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது. 2011 டிசம்பரில் அதை அமுல்படுத்தப் போனபோது விவசாயியும் வியாபாரியும் வீதிக்கு வந்தார்கள். கூடை வாங்க யார் காசு, வெறும் கூடை திரும்பி வர லொறிக் கூலி யார் கட்டுவது என்று கேட்டார்கள். பதில் இருக்கவில்லை, சட்டம் தளர்ந்தது. பிளாஸ்டிக்கால் இந்த ஊருக்கு உண்மையாக ஒரு நன்மை வந்திருக்க வேண்டிய இடம் அது. கூடை திரும்பி வர வேண்டிய பொருள். திரும்பி வருகிற பொருளில் இலாபம் ஒரு தடவைதான். திரும்பி வராத பையில் ஒவ்வொரு நாளும் இலாபம். 'உணவு வீணாவதைத் தடுக்கிறோம்' என்று மாநாட்டுக்கு மாநாடு பேசுகிற பொதியிடல் தொழில், அந்தக் கூடையின் லொறிக் கூலியில் ஒரு சதமாவது நான் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையின் பாதியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மிச்சப் பாதி யானைகளுக்காக எழுதியே ஆக வேண்டும். தம்புள்ளைக் குப்பை போகிற திகம்பதஹவுக்கு யானைகள் வருகின்றன. அழுகிய மரக்கறி வாசம் பையோடு சேர்ந்தே வருகிறது. பையை அவிழ்த்துத் தின்ன யானைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. பிரேத பரிசோதனையில் பொலித்தீனும் உணவுச் சுற்றுத்தாளும் தண்ணீரும்தான் கண்டோம், யானை வழக்கமாகத் தின்று செரிக்கிற எதையும் காணவில்லை என்று வனசீவராசிகள் மிருக வைத்தியர் சொன்னார். யானையைச் சுட்டால் வழக்கு உண்டு. வெடி வைத்தால் வழக்கு உண்டு. வயிறு நிறையப் பொலித்தீன் ஊட்டியவன் மேல் வழக்குப் போட முடியாது, அவன் கொலை செய்த இடத்தில் இருக்கவேயில்லை. குப்பைமேட்டைச் சுற்றி மின்வேலி போடுவோம் என்கிறார்கள். அதாவது யானை திருந்த வேண்டும்.

2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பையை இலவசமாகத் தரக் கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் அதிகாரசபை உத்தரவிட்டது. பையைக் குறைக்க இது உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், இந்த முறையும் சட்டைப்பைக்குள் கைவிட்டது வாங்குகிறவள்தான். ஆலைக் கதவைத் தாண்டிய பிறகும் பை உன்னுடையதுதான், பொறுக்குகிற செலவையும் நீதான் கட்ட வேண்டும் என்கிற உற்பத்தியாளர் பொறுப்பு பற்றி வருடக்கணக்காகச் செயலமர்வு நடக்கிறது. செயலமர்வில் தேநீர் தருகிறார்கள். எந்தக் கோப்பையில் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

நிரப்பிய படிவத்தைப் பெருந்தகையிடமே நீட்டுவதாக நினைத்துக்கொண்டேன். நிதானமாக வாசிக்கிறார். கோபப்படவில்லை, படித்த மனிதர். 'நடத்தை' என்பதற்கு நேரே நான் எழுதியிருந்த ஒற்றைச் சொல்லை மட்டும் நகத்தால் தட்டி, இதை 'சட்டத்துக்கு உட்பட்டது' என்று மாற்ற முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்கிறேன். அப்படியானால் கையொப்பமாவது தெளிவாகப் போடுங்கள் என்கிறார். போடுகிறேன். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மழைக்காலம், நனைந்துவிடும், லமினேற் பண்ணித் தாருங்கள் என்கிறார். அதற்கு விலக்கு இருக்கிறதாம், அனுமதிக் கடிதம் அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது.